தீவு சின்னது, பள்ளிக்கூடச் செலவு பெரிது

2024 ஜூன் 29 அன்று இந்திய அணி தென்னாப்பிரிக்காவை ஏழு ரன்னில் வென்று டி-20 உலகக் கோப்பையைத் தூக்கியது. அன்று இரவு நாம் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்த மைதானத்தின் பெயர் கென்சிங்டன் ஓவல். எல்லைக்கோட்டில் சூரியகுமார் யாதவ் பிடித்த கேட்ச் நினைவிருக்கும். மைதானம் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டால், ‘வெஸ்ட் இண்டீஸ்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம்.

வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாடு கிடையாது. தனிக் கொடி, தனிப் பிரதமர், தனி பட்ஜெட் வைத்திருக்கும் பல குட்டி நாடுகள் கிரிக்கெட்டுக்காகப் போட்டுக்கொண்ட சட்டை அது. கிரிக்கெட்டைத் தவிர இன்னும் சில காரியங்களுக்கும் அவை கூட்டுச் சேர்கின்றன. அவற்றில் இரண்டு கல்வியோடு தொடர்புடையவை: பள்ளி இறுதித் தேர்வு ஒன்று, பல்கலைக்கழகம் மற்றொன்று. ஏன் இந்த இரண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால், ஒரு சின்ன நாடு பிள்ளைகளைப் படிக்கவைப்பதற்கு எவ்வளவு பணம் வேண்டும், அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்ற விசித்திரமான கணக்கில் போய் நிற்போம். அந்தக் கணக்கைப் பார்க்க, கென்சிங்டன் ஓவல் இருக்கும் பார்படோஸே நல்ல இடம்.

பார்படோஸ் 34 கிலோமீட்டர் நீளம், 23 கிலோமீட்டர் அகலம். பரப்பு 431 சதுர கிலோமீட்டர். மக்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. சொல்லிக்கொள்ளும்படி கனிமச் செல்வம் இல்லை. பவளப்பாறை மேல் படிந்த மெல்லிய மண்ணில் முந்நூறு ஆண்டு கரும்பு போட்டார்கள்; இப்போது சுற்றுலாவில் பிழைக்கிறார்கள். இந்த நாடு பல பத்தாண்டுகளாகத் தன் ஜிடிபியில் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை அரசுப் பணமாகக் கல்விக்குச் செலவிட்டு வந்திருக்கிறது. பணக்கார ஜப்பான் 4 சதவீதத்தையே எட்டுவதில்லை. 2015-ல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் கூடிய உலகக் கல்வி மாநாடு, ஜிடிபியில் 4 முதல் 6 சதவீதம், அரசுச் செலவில் 15 முதல் 20 சதவீதம் கல்விக்குப் போகட்டும் என்று ஒரு அளவுகோல் வைத்தது. பார்படோஸ் அதை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொட்டுவிட்டது.

உடனே கைதட்டிவிடக் கூடாது. ஜிடிபி சதவீதம் என்பது ஒரு நாடு கல்வியை எவ்வளவு நேசிக்கிறது என்பதைக் காட்டும் எண் என்று நாம் பழகிவிட்டோம். பாதி உண்மைதான். மீதிப் பாதி, அந்த நாட்டில் கல்வி என்ன விலைக்கு விற்கிறது என்பது. சின்ன நாட்டில் விலை கூடுதல்.

பத்துப் பேருக்குச் சமைத்தாலும் நூறு பேருக்குச் சமைத்தாலும் அடுப்பு மூட்டியாக வேண்டும். கல்வித் துறையின் அடுப்புச் செலவு என்னென்ன? ஒரு அமைச்சகம், பாடத்திட்டம் எழுதும் குழு, ஆய்வாளர்கள், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, தேர்வுத் துறை. பார்படோசில் அரசு உயர்நிலைப் பள்ளிகள் இருபத்துச் சொச்சம். அவ்வளவு பள்ளிகளுக்கும் சேர்த்து இவை அத்தனையும் வேண்டும். இருபதாயிரம் பள்ளி உள்ள நாட்டிலும் இவை அத்தனையும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் எடுத்தவர்கள் எட்டே பேர் என்றாலும் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் முழுச் சம்பளத்தில் இருந்தாக வேண்டும். ஆய்வகத்தில் தராசு, மின்னளவி, கண்ணாடிக் குழாய் எல்லாம் கப்பலில் வர வேண்டும். 1998-ல் அல்பெர்ட்டோ அலெசினா, ரொமேன் வாட்சியார்க் என்ற இரு பொருளியலாளர்கள் பல நாடுகளின் கணக்குகளை அடுக்கிப் பார்த்து இதைப் பொதுவாகவே காட்டினார்கள்: மக்கள்தொகை குறையக் குறைய, பொருளாதாரத்தில் அரசின் பங்கு கூடுகிறது. சின்ன நாடுகளின் அரசு ஊதாரி என்பதல்ல காரணம். பகிர்ந்துகொள்ள ஆள் போதவில்லை.

இதோடு இன்னொரு நோயும் சேர்ந்துகொள்கிறது. வில்லியம் பாமோல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1960களில் இசைக் கச்சேரிகளின் செலவை ஆராயப் போய் அதைக் கண்டுபிடித்தார். பீத்தோவன் எழுதிய நால்வர் இசையை வாசிக்க 1800-லும் நான்கு பேர் வேண்டும், இன்றும் நான்கு பேர் வேண்டும். அதற்குள் தொழிற்சாலையில் ஒரு ஆளின் உற்பத்தி பல மடங்கு ஏறிவிட்டது, சம்பளமும் ஏறிவிட்டது. இசைக் கலைஞருக்கும் அதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் அவர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். ஆகவே உற்பத்தி கூடாத தொழிலிலும் சம்பளம் கூடிக்கொண்டே போகும். பள்ளிக்கூடம் அப்படிப்பட்ட தொழில். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கை நூறாக்கினால் அது உற்பத்தித் திறன் ஆகாது, சந்தைக்கடை ஆகும். பார்படோஸ் ஆசிரியருக்கு எதிரே நிற்கும் தொழிற்சாலையோ அவருடைய தீவில்கூட இல்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

*

பார்படோசின் பள்ளிக்கூடக் கணக்கு எப்போது தொடங்கியது என்பதில் ஒரு கசப்பு இருக்கிறது. தீவில் பழைய பள்ளிகளுக்குக் குறைவில்லை. கோம்பர்மியர் பள்ளி 1695-ல் தொடங்கியது. பாடகி ரிஹானா படித்தது அங்கேதான். ஹாரிசன் கல்லூரி 1733-ல், தேவாலய வட்டாரத்து ஏழைப் பையன்கள் 24 பேருக்காக ஒரு வணிகர் வைத்தது. ஏழை என்றால் ஏழை வெள்ளைக்காரர் என்று பொருள். 1710-ல் இறந்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன் தன் இரண்டு கரும்புத் தோட்டங்களை, அவற்றில் இருந்த அடிமைகளோடு சேர்த்து, கல்லூரி வைக்கச் சொல்லி ஒரு ஆங்கிலேய மிஷன் சங்கத்துக்கு எழுதிவைத்தார். அந்தச் சங்கம் சில ஆண்டுகள், தன் அடிமைகளின் மார்பில் ‘சொசைட்டி’ என்ற சொல்லைச் சூட்டுக்கோலால் பொறித்திருக்கிறது. ஒருவகையில் அந்தச் சொத்தும் ஒரு கல்வி நிதியம்தான்.

1834-ல் அடிமை முறை ஒழிந்தது. ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் நான்கு ஆண்டு இழுத்தடித்து 1838-ல் முழு விடுதலை வந்தது. பார்படோசில் மட்டும் 83,000 பேர். பிரிட்டிஷ் பாராளுமன்றம் இரண்டு தொகைகளை ஒதுக்கியது. ஒன்று, ‘சொத்தை’ இழந்த முதலாளிகளுக்கு நஷ்டஈடு: 2 கோடி பவுண்டு. மற்றொன்று, விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்க ‘நீக்ரோ கல்வி மானியம்’. இது உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்கு 30,000 பவுண்டு, எல்லாத் தீவுகளுக்கும் சேர்த்து. தலைக்கு ஒரு ஷில்லிங்கூடத் தேறாது. முதலாளிகளுக்குக் கொடுத்த தொகையைப் பள்ளிகளுக்கு இந்த வேகத்தில் கொடுத்து முடிக்க 666 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதையும் 1845-ல் நிறுத்திவிட்டார்கள். நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டன் அடைத்து முடித்தது 2015-ல். 1845-ல் நின்ற மானியத்தை எந்த அரசும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

மானியம் நின்ற மறு ஆண்டு, 1846-ல், பார்படோஸ் சட்டமன்றம் கல்விக்காகத் தன் பணத்திலிருந்து முதன்முறையாக 750 பவுண்டு ஒதுக்கியது. அந்தச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தோட்ட முதலாளிகள். எழுதப் படிக்கத் தெரிந்த கரும்பு வெட்டுக்காரன் அவர்களுக்கு எதற்கு? அடுத்த நூறு ஆண்டும் ஏறக்குறைய இப்படித்தான் போனது: தொடக்கப்பள்ளி தேவாலயத்தின் தயவு, உயர்நிலைப்பள்ளி காசு உள்ளவர்களுக்கு, அதற்கு மேல் படிக்க உதவித்தொகை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு.

இந்தச் சல்லடை எவ்வளவு கொடியது என்பதற்குப் பக்கத்துத் தீவான செயின்ட் லூசியாவில் ஒரு சாட்சி உண்டு. ஏழு வயதில் தந்தையை இழந்த ஆர்தர் லூயிஸ் 14 வயதில் பள்ளிப் பாடங்களை முடித்துவிட்டு, அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்திருந்தான். பல்கலைக்கழக உதவித்தொகைத் தேர்வு எழுத வயது போதவில்லை என்பதே காரணம். பொறியாளராக ஆசை. ஆனால் கறுப்பின இளைஞனைப் பொறியாளராக அரசும் எடுக்காது, சர்க்கரை ஆலையும் எடுக்காது என்பதால் லண்டனுக்குப் போய் வணிகவியல் படித்தான். அந்தப் பையன்தான் 1979-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு வாங்கிய சர் ஆர்தர் லூயிஸ். ஏழை நாடுகள் எப்படி வளரும் என்பதைப் பற்றி அவர் 1954-ல் எழுதிய கட்டுரை இன்றும் பாடம். பிற்காலத்தில் பார்படோசைத் தலைமையிடமாகக் கொண்ட கரீபியன் வளர்ச்சி வங்கியின் முதல் தலைவராக இருந்தார்; 1991-ல் பார்படோசிலேயே இறந்தார். லூயிஸ் சல்லடையில் தப்பியவர். தப்பாதவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை.

*

1961 டிசம்பர் தேர்தலில் எரல் பேரோ என்ற வழக்கறிஞரின் ஜனநாயகத் தொழிலாளர் கட்சி வென்றது. பேரோ இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். பிறகு லண்டனில் பொருளியலும் சட்டமும் படித்தவர். அவருடைய தாய்மாமன் சார்ல்ஸ் டங்கன் ஓ’நீல் 1924-லேயே இலவசக் கல்வி வேண்டும் என்று இயக்கம் கட்டியவர். ஆட்சிக்கு வந்த கையோடு, 1962-ல், பேரோ அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணத்தை ஒழித்தார். நாடு அப்போது சுதந்திரம்கூடப் பெறவில்லை. அது 1966 நவம்பர் 30-ல்.

கட்டணம் நீங்கினால் போதாது என்பது பேரோவுக்குத் தெரிந்திருந்தது. தொடக்கப்பள்ளிகளில் 1930களின் இறுதியிலிருந்து பாலும் பிஸ்கட்டும் கொடுத்துவந்தார்கள். அது 1960களில் சூடான மதிய உணவாக வளர்ந்தது. பாடப்புத்தகங்களை மாணவர் வாங்க வேண்டாம், பள்ளியிடம் கடனாக வாங்கிப் படித்துவிட்டு ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற திட்டமும் பின்னால் வந்தது. 1968-ல் சமுதாயக் கல்லூரி, 1969-ல் பாலிடெக்னிக். இதெல்லாம் வரிசையாகச் சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு கரும்புத் தீவு இவ்வளவு நிரந்தரச் செலவை ஒரே தலைமுறையில் தோளில் ஏற்றிக்கொண்டது சாதாரண காரியமில்லை. கட்டடம் ஒருமுறைச் செலவு. ஆசிரியர் சம்பளம் ஓய்வூதியம் வரை தொடரும் செலவு.

இங்கேதான் நான் முதலில் சொன்ன கூட்டு உதவிக்கு வருகிறது. 1948-ல் ஜமைக்காவின் மோனாவில் 33 மருத்துவ மாணவர்களோடு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, லண்டன் பல்கலைக்கழகத்தின் கிளையாக. பத்து ஆண்டு கழித்து, 1958-ல், பிரிட்டிஷ் தீவுகள் ‘வெஸ்ட் இண்டீஸ் கூட்டாட்சி’ என்று ஒரே நாடாகச் சேர்ந்தன. நான்கே ஆண்டில் உடைந்தன. ஜமைக்கா வாக்கெடுப்பு நடத்தி வெளியேறியது, டிரினிடாட் பின்தொடர்ந்தது, 1962 மே 31-ல் கடையை மூடினார்கள். நாடு உடைந்த அதே 1962-ல் பல்கலைக்கழகம் லண்டனிடமிருந்து விடுபட்டு, மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் என்ற தன் பெயரில் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. அதன் முதல் துணைவேந்தர், செயின்ட் லூசியாவில் எழுத்தராக உட்கார்ந்திருந்த அதே ஆர்தர் லூயிஸ். 1963-ல் பார்படோசுக்கும் ஒரு வளாகம் கிடைத்தது. முதலில் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்தருகே, பிறகு நகருக்கு வடக்கே கேவ் ஹில் குன்றில்.

கணக்குப்படி யோசித்தால் இது அருமையான ஏற்பாடு. மூன்று லட்சம் பேருள்ள நாடு தனியாக ஒரு மருத்துவக் கல்லூரி, ஒரு பொறியியல் கல்லூரி, ஒரு சட்டக் கல்லூரி நடத்த முடியாது. ஆனால் சட்டத்தைக் கேவ் ஹில்லிலும், பொறியியலை டிரினிடாடிலும், மருத்துவத்தை மோனாவிலும் தொடங்கிவைத்துப் பங்கு போட்டால் முடியும். அடுப்பு ஒன்று, பந்தி பல.

பள்ளித் தேர்விலும் அதே தந்திரம். 1970கள் வரை தீவுப் பிள்ளைகள் எழுதியது கேம்பிரிட்ஜ் போன்ற ஆங்கிலேய வாரியங்களின் தேர்வு. வினாத்தாள் கடல் கடந்து வரும், விடைத்தாள் கடல் கடந்து போகும், மதிப்பெண் மாதக்கணக்கில் காத்திருந்து வரும். பனியையே பார்க்காத பிள்ளை பனிக்காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும். 1972-ல் தீவுகள் சேர்ந்து கரீபியன் தேர்வுக் கழகத்தை அமைத்தன. தலைமையகம் பார்படோஸ். முதல் தேர்வு 1979-ல், ஐந்தே பாடங்களில். பாடத்திட்டம் எழுதுவது, வினாத்தாள் அமைப்பது, மாதிரி விடை தயாரிப்பது எல்லாமே மாணவர் எண்ணிக்கை கூடினாலும் செலவு கூடாத வேலைகள். பதினாறு நாடுகளும் பிரதேசங்களும் பகிர்ந்துகொண்டபோது வரலாற்றுத் தேர்வில் டியூடர் மன்னர்களின் இடத்தில் கரீபியன் வரலாறு வந்தது. கூட்டாட்சி நான்கு ஆண்டில் கலைந்துபோன இடத்தில், தேர்வுத் துறை நாற்பது ஆண்டு தாண்டி நிற்கிறது. அரசியல்வாதிகள் ஒன்றுசேர முடியாத இடத்தில் வினாத்தாள் ஒன்றுசேர்த்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. பார்படோசில் கல்வி இலவசமே தவிர, சமமில்லை. 1959 முதல் பதினோரு வயதில் ஒரு பொது நுழைவுத் தேர்வு. அதில் எடுக்கும் மதிப்பெண்ணை வைத்து எந்த உயர்நிலைப் பள்ளி என்று முடிவாகும். முதல் வரிசைக்கு ஹாரிசன் கல்லூரியும் குவீன்ஸ் கல்லூரியும், கடைசி வரிசைக்கு ஊரில் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத பள்ளிகள். கட்டணம் எங்கும் கிடையாது என்பதால் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு என்று சொல்வார்கள். ஆனால் தேர்வுக்கு முன்னால் தனிப்பாடம் வைக்கக் காசு உள்ள வீடு எது என்பது பதினோரு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. இந்தத் தேர்வை எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு அரசும் பேசிவந்திருக்கிறது. என்னைக் கேட்டால், பார்படோஸ் செலவிடும் தொகையில் குறை இல்லை. அந்தத் தொகையைப் பிள்ளைகளுக்குள் பிரிக்கும் கத்தியில் குறை.

*

இனி, பிறகு பார்ப்போம் என்று விட்டுவந்த லண்டன், நியூயார்க் தொழிற்சாலைக்கு வருவோம். 1956-ல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படோசுக்கே வந்து ஆள் எடுத்தது: பேருந்து நடத்துநர்கள், ரயில் நிலைய ஊழியர்கள். கப்பல் கட்டணத்தைப் பார்படோஸ் அரசே கடனாகக் கொடுத்தது. மருத்துவமனைகள் செவிலியர்களை எடுத்தன. வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த தீவுக்கு அது வடிகால். எழுதப் படிக்கத் தெரிந்து, ஆங்கிலம் பேசி, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் ஆட்கள் லண்டனுக்குக் கிடைத்தார்கள். அவர்களைப் படிக்கவைத்த செலவு தீவின் தலையில்.

சில நேரம் வரவு-செலவு தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1928-ல் நியூயார்க் புரூக்ளினில் இருந்து ஒரு ஏழைப் பெற்றோர், செலவு கட்டுப்படியாகாமல், தங்கள் சின்ன மகள்களைப் பார்படோசில் இருந்த பாட்டியிடம் அனுப்பினார்கள். மூத்தவள் கிராமத்து ஓரறைப் பள்ளியில் படித்து, 1934-ல் திரும்பிப் போனாள். அவள்தான் ஷெர்லி சிஷோம்: 1968-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண், 1972-ல் அதிபர் வேட்பாளராகும் போட்டியில் இறங்கியவர். தனக்கு எழுத்தும் பேச்சும் எளிதாக வந்ததற்கு அந்தக் கண்டிப்பான பார்படோஸ் பள்ளிதான் காரணம் என்று தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவுக்கு அது இலவசமாகக் கிடைத்த கல்வி.

2000-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து பிரெடெரிக் டோக்கியே, அப்தெஸ்லாம் மார்ஃபூக் என்ற பொருளியலாளர்கள் இருவரும் தயாரித்த பட்டியலில், பார்படோசில் பிறந்து கல்லூரிப் படிப்பு முடித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பேர் பணக்கார நாடுகளில் இருந்தார்கள். கயானா, ஜமைக்கா, கிரெனடாவில் இன்னும் மோசம்: ஐந்தில் நான்குக்கும் மேல். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிறு வயதிலேயே பெற்றோரோடு போய், அங்கேயே கல்லூரி முடித்தவர்களும் இந்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கல்லூரிச் செலவு தீவின் பணமில்லை. அதைக் கழித்தாலும் ஓட்டை பெரிதுதான். 2006-ல் ஐ.எம்.எஃப். ஆய்வாளர் பிராச்சி மிஸ்ரா கரீபியன் முழுவதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார். போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஒரு தட்டில்; அவர்களைப் படிக்கவைத்த செலவும், அவர்கள் இல்லாததால் வரும் நஷ்டமும் மறு தட்டில். சராசரியாக நஷ்டத் தட்டுதான் கீழிறங்கியது. பொருளாதார அளவோடு ஒப்பிட்டால், வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பணத்தில் கரீபியன்தான் அப்போது உலகிலேயே முதலிடம். அப்படியிருந்தும் இந்த முடிவு.

வேறு சில பொருளியலாளர்கள் இதை மறுத்து ஒரு வாதம் வைக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு வாய்ப்பு இருப்பதால்தான் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கிறார்கள். படித்தவர்களில் பாதி போனாலும் மீதி பாதி இருப்பார்கள் அல்லவா என்று. மக்கள்தொகை பெரிதாக, வெளியேறுபவர் விகிதம் சிறிதாக இருக்கும் நாட்டில் இது நிற்கும். ஐந்தில் மூன்று பேர் போகும் நாட்டில் நிற்பது கடினம். 1970களில் பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி நேரடியாகவே ஒரு தீர்வு சொன்னார்: வெளிநாட்டில் சம்பாதிக்கும் நிபுணர்கள் தாய்நாட்டுக்கு ஒரு சிறு வரி கட்டட்டும். பேசப்பட்ட அளவுக்கு அது நடைமுறைக்கு வரவில்லை. வேற்று நாட்டில் வாழும் தன் குடிமகனிடமும் வருமான வரி வாங்கும் வலு இன்று அமெரிக்கா மாதிரி ஓரிரு நாடுகளுக்குத்தான் உண்டு.

வரியை வாங்க முடியாத தீவுகள் ஒப்பந்தம் கேட்டன. 2000களின் தொடக்கத்தில் லண்டன், நியூயார்க் பள்ளிகளுக்காக முகவர்கள் வந்து ஆசிரியர்களை வகுப்பு நடுவிலேயே அள்ளிக்கொண்டு போனபோது, காமன்வெல்த்தின் சின்ன நாடுகள் 2002-ல் பார்படோசில் கூடிப் புகார் எழுப்பின. அதன் விளைவாக 2004-ல் காமன்வெல்த் ஆசிரியர் தேர்வு நெறிமுறை வந்தது. கல்வியாண்டு நடுவில் எடுக்காதே, சொல்லிவிட்டு எடு என்பது அதன் சாரம். சட்டக் கட்டாயம் கிடையாது.

பார்படோஸ் தன் செவிலியர்களை இழந்துகொண்டே இருந்தது. 2020 ஜூலையில், கொரோனாவுக்கு நடுவே, கானா நாட்டிலிருந்து 95 செவிலியர்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. ஒரு தீவு படிக்கவைத்தவர்களை லண்டன் எடுத்துக்கொள்ள, அந்த இடத்துக்கு அதைவிட ஏழையான நாடு படிக்கவைத்தவர்களைத் தீவு எடுத்துக்கொண்டது.

*

கல்விச் செலவு எங்கிருந்து வருகிறது? 17.5 சதவீத மதிப்புக்கூட்டு வரி, வருமான வரி, இறக்குமதி வரி. 2019-ல் தீவில் வந்து தங்கிய சுற்றுலாப் பயணிகள் ஏழு லட்சம். தீவின் மக்கள்தொகையைப் போல இரண்டரை மடங்கு. கடற்கரையில் ரம் குடிக்கும் மான்செஸ்டர்காரர் தன் பில்லில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் சம்பளத்தில் துளி கட்டுகிறார் என்று சொல்லலாம். 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்ததும் அந்தத் துளி குறைந்தது. அரசு கடன் வாங்கியது. மேலும் வாங்கியது. பல்கலைக்கழகத்துக்குத் தர வேண்டிய பங்கைப் பாக்கி வைத்தது. பாக்கி பத்துக் கோடி பார்படோஸ் டாலரைத் தாண்டியது (இரண்டு பார்படோஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர், 1975 முதல் அதே விகிதம்).

மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் கணக்கு இப்படி: ஒரு மாணவருக்கு ஆகும் மொத்தச் செலவில் 80 சதவீதம் அந்தந்த நாட்டு அரசு கொடுக்கும், 20 சதவீதம் மாணவரின் கட்டணம். பார்படோஸ் தன் குடிமக்களுக்காக அந்த இருபதையும் தானே கட்டிவந்தது. 2013 ஆகஸ்ட் பட்ஜெட்டில் நிதியமைச்சர் கிறிஸ் சிங்க்ளர், அடுத்த ஆண்டு முதல் அந்த இருபதை மாணவர்களே கட்ட வேண்டும் என்று அறிவித்தார். ஆண்டுக்கு 5,625 பார்படோஸ் டாலரில் தொடங்கி, மருத்துவத்துக்கு 65,000 வரை. இதைச் செய்தது பேரோ தொடங்கிய அதே கட்சி.

பொருளியல் பாடப்புத்தகம் சிங்க்ளர் பக்கம்தான் பேசும். பட்டத்தின் பலன் பட்டதாரிக்கு. அவர் நாளைக்கு டொராண்டோவுக்குப் போகலாம். ஏன் கரும்பு வெட்டுக்காரர் வரி கட்ட வேண்டும்? எண்பது சதவீதத்தை அரசு இன்னும் கொடுக்கிறதே? நியாயமான கேள்விகள். ஆனால் நடந்தது வேறு. 2014 செப்டம்பரில் கேவ் ஹில் வளாகத்தில் பார்படோஸ் மாணவர் சேர்க்கை சடசடவென்று சரிந்தது, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மீளவில்லை. டொராண்டோவுக்குப் போகக்கூடிய குடும்பத்துப் பிள்ளை கட்டணத்தைக் கட்டிவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படித்த குமாஸ்தாவும், வீட்டில் முதல் முறையாகக் கல்லூரி வாசலைப் பார்க்கவிருந்த பெண்ணும் விண்ணப்பிக்காமல் நின்றார்கள். அந்த வளாகத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் பெண்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கட்டணம், தீவை விட்டுப் போகக்கூடியவர்களை வடிகட்டவில்லை. தீவிலேயே இருந்திருக்கக்கூடியவர்களை வடிகட்டியது.

இவ்வளவு செய்தும் கஜானா நிரம்பவில்லை. 2018 மே 24 தேர்தலில் ஆளுங்கட்சி முப்பது இடங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. முப்பதையும் வென்ற எதிர்க்கட்சியின் தலைவர் மியா மோட்லி, 1994-ல் 29 வயதில் அந்த நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தவர். பிரதமராகப் பொறுப்பேற்ற ஒரு வாரத்தில், ஜூன் 1 அன்று, வெளிநாட்டு வணிகக் கடன்களுக்கு இனித் தவணை கட்ட முடியாது என்று அறிவித்தார். கடன் ஜிடிபியில் 150 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஐ.எம்.எஃப். அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். திவாலான அரசு முதலில் வெட்டுவது பல்கலைக்கழக மானியத்தைத்தான் என்பது உலக வழக்கம். மோட்லி அரசு அந்த வருடமே மாணவரின் இருபது சதவீதத்தை மறுபடி தன் கணக்கில் எடுத்துக்கொண்டது.

பொறுப்பற்ற செயல் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. விற்க மண்ணும் கனிமமும் இல்லாத நாட்டில், ஐந்தில் இரண்டு பேராவது தங்குவார்கள் என்றால் அந்த இரண்டு பேரை உருவாக்க ஐந்து பேரையும் படிக்கவைத்தே ஆக வேண்டும். யார் தங்குவார் என்று பதினெட்டு வயதில் நெற்றியில் எழுதியிருக்காது. கட்டணமில்லாத படிப்பு 2018 செப்டம்பரில் திரும்பியது. வெளிநாட்டுக் கடன்காரர்களோடு உடன்படிக்கை முடிந்தது 2019 டிசம்பரில்.